மேட்டில் ஒரு பச்சைப் புள்ளி

செம்மண் வெளியில் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கிறது. மாட்டுப் பண்ணை வராந்தாவில் ப்ரோன்வின் கைபேசியைத் தட்டுகிறாள்; திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தூரத்து மேட்டிலுள்ள தொட்டியில் தண்ணீர் எவ்வளவு என்று சொல்லும் கருவியை, வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இணையத்தில் தரும் ஆயத்தத் தளத்தை வைத்து ஒரே வாரத்தில் செய்துவிட்டாள். அந்தத் தளம் இன்று படுத்துவிட்டது. கணவன் டார்சி வண்டிச் சாவியைக் குலுக்குகிறான். தினமும் இந்நேரத்துக்குத் தொட்டி பார்க்கப் போய்ப் பழகிய நாய், வண்டியில் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. "கடலுக்கு அந்தப் பக்கம் எவனோ ஸ்விட்சை அணைச்சா, நம்ம மாடு தாகத்துல சாகணுமா?" என்கிறான் டார்சி. "கத்தாதே. அவங்க இல்லேன்னா இதைச் செய்ய எனக்கு ரெண்டு வருஷம் ஆகியிருக்கும்." "இப்ப தண்ணி இருக்கா, இல்லையா? அதைச் சொல்லு." "கொஞ்சம் இருட்டட்டும். எவனையும் கேட்காம தானா எரியற மாதிரி தொட்டி மேல ஒரு விளக்கும் வச்சிருக்கேன். தண்ணி இருந்தா பச்சை." டார்சி முனகுகிறான். வெளிச்சம் வடிகிறது, கிளிக்கூட்டம் கத்தி ஓய்கிறது. மேட்டில், முதல் நட்சத்திரத்துக்குக் கீழே, பச்சையாக ஒரு புள்ளி கண் சிமிட்டுகிறது. அவன் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் உட்காருகிறான். நாய் மட்டும் வண்டியை விட்டு இறங்குவதாக இல்லை.