கடைசி வரிசை நோர்வேக்காரி

"திரும்பாதை உதயா. அவ வந்திட்டா," என்றான் கணவன் றொபின், திரையில் ஓடிய விளம்பரத்தைப் பார்த்தபடியே.

"ஆர், அந்த நோர்வேக்காரியோ? மாதாவே! எங்கை இருக்கிறா?"

"எப்பவும் போலை கடைசி வரிசையிலை. தனிய."

உதயகுமாரி திரும்பவில்லை. மடியில் இருந்த நாலு வயது மகள் ஜூலியாவை இறுக அணைத்து, பின்னாலிருந்து பார்த்தாலும் தெரியும்படி அவள் உச்சியில் ஒரு முத்தம் கொடுத்தாள்.

ஒஸ்லோவில் தமிழ்ப் படம் ஓடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில் இந்த நரைத்த தலைப் பெண்மணி தவறாமல் வரத் தொடங்கிச் சில மாதங்கள் ஆகின்றன. தமிழில் ஒரு சொல் தெரியாது. கீழே ஓடும் ஆங்கில எழுத்தையும் அவ்வளவாகப் படிப்பதில்லை. பாதி நேரம் சனத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு எதற்கு வருகிறார்? பிள்ளைக்கு அடித்தால் பிள்ளையையே தூக்கிக்கொண்டு போகிற சிறுவர் நலப் பகுதியிலிருந்து வருகிறார், தமிழர் பிள்ளைகளை எப்படி நடத்துகிறார்கள் என்று நோட்டம் பார்க்கத்தான் வருகிறார் என்று ரிக்கெட் விற்கிற லதீசன் முடிவுகட்டிவிட்டார். அவர் சொன்னது நகரின் எல்லிங்ஸ்ருட் தொடக்கம் மோர்டென்ஸ்ருட் வரை பரவ ஒரு பின்னேரம் போதுமாக இருந்தது.

அதோடு கொட்டகையின் கலகலப்பே போய்விட்டது. கதாநாயகன் வந்தால் விசிலடிக்கிற இளந்தாரிகள் சோதனை எழுத வந்தவர்கள் மாதிரி இருந்தார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் உருண்டு புரண்டாலும் தாய்மார் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். பெண்மணிக்கு இரண்டு பக்கமும் கதிரைகள் வெறுமையாகவே கிடந்தன.

"போன படத்திலை ஜூலியாவுக்கு முதுகிலை ஒண்டு போட்டனான். அவ பாத்துக்கொண்டு இருந்தவ," என்றாள் உதயகுமாரி. "அண்டைக்குத் தொடக்கம் எனக்கு ஒழுங்கா நித்திரை இல்லை. பிள்ளையைப் பற்றி எழுதிக் குடுத்திருப்பாவோ? நாங்கள் வராமலே விட்டிருக்கலாம்."

"வராமல் விட்டால் இன்னும் சந்தேகப்படுவா. நீ சிரிச்சுக்கொண்டு இரு."

இடைவேளை வந்தது. றொபின் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி வரிசைக்குப் போனான். மகளிடம் கொடுத்த ரோல்ஸை அவள் ஒரு கடி கடித்துவிட்டு நிலத்தில் எறிந்தாள்.

"பரவாயில்லையடா செல்லம்!" என்று உதயகுமாரி நோர்வேஜிய மொழியில் உரத்துச் சொன்னாள். குனிந்து பொறுக்கி எடுத்துவிட்டு நிமிர்ந்தால், எதிரே அந்தப் பெண்மணி.

"உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும்," என்றார் அவர் நோர்வேஜிய மொழியில். "ஒரு நிமிடம்தான்."

உதயகுமாரி மகளை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். "அன்றைக்கு நடந்தது... நான் அப்படிப்பட்ட தாய் இல்லை. சத்தியமாக. அதற்குப் பிறகு ஒரு நாளும்..."

"என்றைக்கு?" பெண்மணி விழித்தார். "அடுத்த படம் எப்போது என்று கேட்க வந்தேன். ரிக்கெட் விற்கிறவரைக் கேட்கப் போனால் அவர் ஓடிவிடுகிறார். என்னைக் கண்டால் சிரிப்பவர் நீங்கள் ஒருவர்தான்."

"நீங்கள்... எந்த அலுவலகம்?"

"அலுவலகமா? நான் ட்ராம் ஓட்டினேன். இப்போது ஓய்வு."

உதயகுமாரியின் வயிற்றில் பால் வார்த்தது போல் இருந்தது. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். "அப்படியென்றால் எங்கள் படத்துக்கு ஏன் வருகிறீர்கள்? மொழிகூடத் தெரியாதே!"

பெண்மணி குரலைத் தாழ்த்தினார். "நான் யூதப் பெண். அங்கே யுத்தம் தொடங்கியதிலிருந்து யாரைக் கண்டாலும் கேள்விதான். நீ என்ன நினைக்கிறாய்? நீ யார் பக்கம்? தலைமுடி வெட்டப் போனாலும் கேட்கிறார்கள், பாட்டுக் குழுவுக்குப் போனாலும் கேட்கிறார்கள். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஒஸ்லோவில். செய்தியில் பிள்ளைகளைப் பார்த்து நானும்தான் அழுகிறேன். அதை ஒவ்வொருவருக்கும் நின்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது."

அவர் கொட்டகையைச் சுற்றிப் பார்த்தார். "ஒரு நாள் மழைக்கு ஒதுங்கித்தான் இதற்குள் வந்தேன். இங்கே ஒருவரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில்கூட வந்து இருக்கவில்லை. நீங்களும் யுத்தத்திலிருந்து வந்தவர்களாமே, அதனால்தான் கேட்கக்கூடாது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. இவ்வளவு நாகரிகமான சனத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை."

உதயகுமாரிக்கு முகம் சுட்டது. வன்னியில் கடைசிச் சண்டை நடந்த காலத்தில் வேலையிடத்தில் எல்லோரும் "நீ புலியா?" என்று கேட்டதும், அந்தக் கேள்விக்குப் பயந்து உடுப்பு மாற்றுகிற அறைக்குள் ஒளித்திருந்து மத்தியானப் பாணைச் சாப்பிட்டதும் நினைவுக்கு வந்தன.

"அடுத்த மாதம் முதல் ஞாயிறு படம் இருக்கிறது," என்றாள். "கட்டாயம் வாருங்கள்."

பெண்மணி சிரித்துவிட்டுத் தன் கடைசி வரிசைக்குப் போனார். அவர் போனதுதான் தாமதம், றொபின் ஓடி வந்தான். அவனுக்குப் பின்னால் லதீசன், அவருக்குப் பின்னால் தேத்தண்ணி வரிசையில் அரைவாசி.

"என்னவாம் தங்கச்சி? ஆராம் அவ?" என்றார் லதீசன், மூச்சு வாங்க.

உதயகுமாரி அந்த முகங்களைப் பார்த்தாள். லதீசன் வாய் திறந்தால் உலக அரசியல்தான். யூதப் பெண் என்று தெரிந்தால் போதும், இத்தனை பேரும் தேத்தண்ணிக் கோப்பையும் கையுமாக அவரைச் சுற்றி நின்று கேள்வி கேட்கத் தொடங்கிவிடுவார்கள்.

"நீங்கள் சொன்னது சரிதான் அண்ணை, சிறுவர் நலப் பகுதியேதான்," என்றாள் உதயகுமாரி. "ஒருத்தரும் கிட்டப் போய் அவவிட்டை ஒண்டும் கேட்டிடாதேங்கோ!"