மூன்றாவது முறை சாம்பிராணி

"முதல்ல அந்தத் தூபக்காலை எடுத்துட்டுப் போம்மா!"

கல்ஃபான் போட்ட சத்தத்தில் கடையில் வேலை பார்க்கும் ஷம்ஸா இரண்டடி பின்னால் போனாள். அவள் கையில் சாம்பிராணி குபுகுபுவென்று புகைந்துகொண்டிருந்தது.

தீயணைப்புத் துறையிலிருந்து அவன் சோதனைக்கு வந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. கஹ்வா காப்பி வேண்டாம், பேரீச்சம்பழம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கடையில் தீ ஆபத்து எங்கெங்கே இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்திருந்தான். நிஸ்வா ஊரில் தூபம் நீட்டினால் விருந்து முடிந்தது, விருந்தாளி கிளம்பலாம் என்று அர்த்தம். வந்தவனை வந்த வேகத்தில் விரட்டப் பார்க்கிறாளா?

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி." கடை முதலாளி ஹமூத் பதறிக்கொண்டு வந்தார். "ஏய் ஷம்ஸா, இன்னைக்கு சாம்பிராணி போடாதேன்னு காலையிலேயே சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்புறம்?"

"விருந்தாளி வந்திருக்காரேன்னு..." என்று இழுத்தாள்.

கல்ஃபானுக்கு முதலாளியைப் பிடித்துப்போனது. கீழே கடை, சுவர் முழுக்கக் கறுப்புத் துணிச் சுருள்கள். மாடியில் பதினெட்டுப் பெண்கள் அபாயா அங்கி தைக்கிறார்கள். ஜன்னலுக்கெல்லாம் கம்பி, இறங்குவதற்கு ஒரே படிக்கட்டு. இப்படிப்பட்ட இடத்தில் தணல் வேண்டாம் என்று சொல்ல ஒரு முதலாளிக்குத் தோன்றியதே பெரிய விஷயம்.

அந்த ஒற்றைப் படிக்கட்டுதான் அவனை உறுத்தியது.

"கீழ தீப்பிடிச்சா மாடியில இருக்கிறவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தானே இதெல்லாம்!"

கூரையில் வரிசையாகக் கவிழ்த்த வெள்ளைக் கிண்ணங்கள் மாதிரி இருந்த புகைக் கருவிகளை ஹமூத் காட்டினார். மாடிக்கு ஒரு குரல் கொடுத்துவிட்டு, சுவர்ப் பெட்டியில் பொத்தானை அமுக்கினார். மணி காதைக் கிழித்தது.

"துளி புகை பட்டாப் போதும், இப்படித்தான் அலறும். ரெண்டு நிமிஷத்துல அத்தனை பேரும் தெருவுல நிப்பாங்க."

முறைப்படி ஒவ்வொரு கருவிக்கும் கீழே நின்று புகை அடித்துப் பார்க்க வேண்டும். கல்ஃபானிடம் இருந்த புகை டப்பா தீர்ந்து ஒரு வாரம் ஆகிறது. அதுதான் மணி அடிக்கிறதே, போதாதா? இன்னும் மூன்று கடை வேறு பாக்கி. 'சரி' என்று குறித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனான்.

அங்கே தூபக்காலோடு ஷம்ஸா நின்றாள்.

"அண்ணே, கொஞ்சம் சட்டையில காட்டிக்கோங்க. நல்ல சாம்பிராணி, சலாலாவிலேருந்து வந்தது."

"உனக்கு ஒரு தடவை சொன்னா ஏறாதா? துணிக்கடையில நெருப்பைத் தூக்கிக்கிட்டு அலையறியே, முதல் ஆபத்தே நீதான்னு எழுதணும் போலிருக்கு!"

அவள் முகம் சுருங்கிப்போனது. ஹமூத்தின் முகம் சிவந்தது.

"இன்னொரு தடவை இதைக் கையில பார்த்தேன், நாளையிலேருந்து நீ வர வேண்டாம்."

ஷம்ஸா தூபக்காலோடு உள்ளே போய்விட்டாள்.

கல்ஃபான் மேஜைக்கு வந்து உட்கார்ந்தான். சோதனைச் சான்றிதழில் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. அது விழுந்துவிட்டால் ஒரு வருஷத்துக்கு இந்தக் கடைப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். ஹமூத் நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பேனாவைத் திறந்தான். மூக்கில் மறுபடி சாம்பிராணி நெடி ஏறியது.

ஷம்ஸாதான். நேரே வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். தணலில் இன்னும் இரண்டு கட்டி சாம்பிராணியை அள்ளிப் போட்டாள்.

"வேலையை விட்டுத் தூக்கிட்டேன், போடி வெளியே!" ஹமூத் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

அவள் அசையவில்லை. கல்ஃபானை ஒரு பார்வை, அப்புறம் கூரையை ஒரு பார்வை.

திட்டுவதற்காக வாயைத் திறந்த கல்ஃபானும் அண்ணாந்து பார்த்தான்.

புகை நெட்டுக்குத்தாக ஏறி வெள்ளைக் கிண்ணத்தை மூடிக்கொண்டிருந்தது. ஐந்து எண்ணினான். பத்து எண்ணினான். இருபது எண்ணினான். மாடியில் தையல் மிஷின்கள் கடகடத்தன. மணி மட்டும் அடிக்கவில்லை.

முதல் தடவையும் அடிக்கவில்லை. படிக்கட்டுப் பக்கமும் அடிக்கவில்லை. இன்றைக்குச் சாம்பிராணி கூடாது என்று முதலாளி ஏன் சொன்னார் என்பதும் இப்போதுதான் விளங்கியது.

பேனாவை மூடினான்.

"அவளைத் திட்டாதீங்க. என்கிட்ட புகை டப்பா தீர்ந்துபோச்சு. நான்தான் ஜாடை காட்டித் தூபத்தைக் கொண்டுவரச் சொன்னேன்."

அதில் பாதி உண்மை.

"இவ்வளவு புகைக்கு உங்க மணி ஏன் அடிக்கலை?"

ஹமூத் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தார்.

"தினம் சாம்பிராணி போடறோம், தினம் அலறுது தம்பி. வந்தவங்க எடுத்த அபாயாவை அப்படியே கீழ போட்டுட்டு ஓடறாங்க. அதான்... ரெண்டு மாசமா மேல இருக்கிற கருவியோட வயரைக் கழட்டி..."

"மாடியில இருக்கிற பதினெட்டுப் பேரையும் இறக்குங்க. இது அடிக்கிற வரைக்கும் இங்க தையல் கிடையாது. நாளைக்குக் காலையில வருவேன். ஷம்ஸாதான் புகை காட்டணும், வேற யாரும் காட்டக் கூடாது."

ஹமூத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியேறினார். கல்ஃபான் எழுந்து தூபக்காலைக் கையில் வாங்கினான். முறைப்படி சட்டைக் கழுத்தில் காட்டிக்கொண்டான்.

"முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"அவர் உங்களை விட்டு நகரவே இல்லையே. மேல என் தங்கச்சியும் தைக்கிறா."

அவன் தலை குனிந்தது. தூபக்காலைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஷம்ஸா மெல்லச் சொன்னாள்:

"நான் மூணு தடவை வந்தேன், அண்ணே. தீ அப்படி வந்து வந்து சொல்லாது."