உப்பளத்துக்கு மேலே வானம்

“பொங்கலுக்குத் திரும்பிடுவேன்னுதானே சொல்லிட்டு வந்தே, இப்ப பாரு—”

“பேச்சு குடுக்காதீங்க, தாள் ஈரமா இருக்கு, காத்துல—”

“—ஆடியே வந்தாச்சு. கார் ரோட்டுல நிக்குது இந்திராணி. கிளம்பு.”

திருச்சியிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு வந்திருக்கிறார் கணவர். உப்பள வரப்பில் முக்காலி போட்டு உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்த அவள் நிமிரவில்லை.

“இங்க நீ தங்கியிருக்கிற ரூம்ல எல்லாப் படத்தையும் பார்த்தேன். முதல்ல உப்பு வார்ற பொம்பளைங்க இருந்தாங்க. அப்புறம் ஒரு நாய். அப்புறம் காக்காகூட இல்ல. எல்லாரும் எங்க போனாங்க?”

“கிளம்பிப் போயிட்டாங்க.”

“நீ விரட்டியிருப்பே.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

“அங்க நான் ஒத்தை ஆளா ரசம் வச்சுக் குடிச்சுக்கிட்டிருக்கேன். ஒண்ணு சொல்லிடு. இன்னிக்கு என்னோட வர்றியா, இனிமே வரவே மாட்டியா?”

அவள் தாள் ஒட்டிய பலகையைச் சாய்த்தாள். சாம்பல் நீலம் மேலிருந்து கீழே இறங்கத் தொடங்கியது.

“சரி. நீ வானத்தோடயே பேசு.”

வரப்போடு விறுவிறுவென்று நடந்தார். சட்டை காற்றில் உப்பிக்கொண்டது. வெள்ளைச் சட்டை. போனவர் கடைசி வரப்பில் ஏறி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டார்.

நின்ற இடம் அவள் படத்தின் நடு.

அங்கே யாரும் நிற்பதில்லை என்றுதான் அந்த இடத்தையே அவள் பிடித்திருந்தாள்.

நீர்வண்ணத்தில் அவள் வெள்ளை பூசுவதில்லை. தாளில் பூசாமல் விட்டதுதான் வெள்ளை. வண்ணம் ஏறிவிட்டால் ஏறியதுதான், திரும்ப வாங்க முடியாது. நடுவில் நிறுத்தவும் கூடாது, கறை விழுந்துவிடும்.

ஓர் அரிசி அளவு விட்டால் போதும், அவர் இருப்பார்.

விடாவிட்டால் வானம். அவ்வளவுதான்.

நீலம் இறங்கிக்கொண்டே வந்தது. தூரிகையை இடப்பக்கம் கொண்டுபோனாள். வலப்பக்கம் கொண்டுவந்தாள். இன்னும் ஒரு விரற்கடை. இன்னும் ஒரு இழுப்பு.

அவர் திரும்பினார்.

கையை நெற்றியில் வைத்து, இவள் இருக்கும் பக்கம் பார்த்தார். கோபமெல்லாம் எங்கே போனதோ, காற்றை மீறிக் குரல் கொடுத்தார்:

“மறைக்கிறேனா இந்திராணி? தள்ளி நிக்கட்டுமா?”