வாலில் கட்டிய வண்டி

அலாஸ்காவின் ஜூன் வெயில் ஆற்றங்கரைச் சரளைக்கல்மீது சாய்ந்து கிடக்கிறது. ஜோலின் தன் கையாலேயே கட்டிய சின்ன விமானத்துக்குள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதன் மூக்கில் இருப்பது பனிவண்டியிலிருந்து கழற்றி, டர்போ வைத்து முறுக்கேற்றிய எஞ்சின். புது எஞ்சினை முதல்முறை முழுசாக முடுக்கும்போது இந்தப் பக்கத்தில் யாரும் பிரேக்கை நம்புவதில்லை, வாலை எதிலாவது கட்டிவிடுவார்கள். ஒரு நிமிடம் திணறாமல் ஓடினால் இந்தக் கோடையிலேயே பறக்கலாம். திணறினால் அவள் வாயை மூடிக்கொண்டு பழைய எஞ்சினை மாட்ட வேண்டும். வேட் என்ற தன் அண்ணனோடு பேசி முடித்த பேச்சு அது. கயிற்றின் மறுமுனை அவனுடைய பிக்கப் வண்டியில் இருக்கிறது. அவன் உள்ளே சாய்ந்து காபி குடிக்கிறான்.

"மரத்துல கட்டியிருக்கலாம்ல, அண்ணே?"

"இந்தத் தையல் மெஷினுக்கு மரம் ஒரு கேடா? என் வண்டியே ஜாஸ்திடி!"

ஜோலின் பல்லைக் கடித்துக்கொண்டு எஞ்சினை முடுக்கும் பிடியை முழுசாகத் தள்ளுகிறாள். கொசுக்கூட்டம் சிதறிப் பறக்கிறது, பின்னால் புல் தரையோடு படுக்கிறது, கயிறு விறைக்கிறது. எஞ்சின் வேகம் காட்டும் முள் நடுங்காமல் நிற்கிறது. பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்க்கிறாள்: சுழலாமல் இறுகிய சக்கரங்களோடு பிக்கப் சரளையை உழுதுகொண்டு அவள் பின்னால் வருகிறது. சட்டையெல்லாம் காபியோடு வேட் பிரேக்மேல் ஏறி நின்று ஏதோ கத்துகிறான். அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. நிமிடம் முடிந்துவிட்டது. பிடியிலிருந்து கையை எடுக்க அவளுக்கு அவசரமில்லை.