தூண் தாங்கும் இருவர்

கடலோரக் குடியிருப்பின் தூண்களுக்குள் இருந்த கருவிகள், கம்பிகளில் துரு முற்றிவிட்டதைக் கண்டுபிடித்தன. அதற்கு மேல் பாரம் தாங்காது என்று, இனி ஒரு வீட்டில் இரண்டு பேர்தான். மூன்றாவது ஆளுக்குக் கதவு திறக்காது.

அந்த வாரம்தான் பிலோமினாவின் மகள் ரெஜினா பிரசவத்துக்கு வந்தாள். அவளுக்கு இடம்விட்டு, ரெஜினாவின் அப்பா இருதயம் பாயைச் சுருட்டிக்கொண்டு மீன் ஏலக்கூடத்தில் படுக்கப் போனார்.

பிரசவம் முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கதவு ரெஜினாவையும் குழந்தையையும் உள்ளே விட்டு, பிலோமினாவை மறித்தது. கைக்குழந்தையும் ஓர் ஆள்தானாம்.

மறுநாள் காலை ரெஜினா போனில் அழுதாள். "பிள்ளைக்குத் தலையே நிக்கலம்மா. எப்படிக் குளிப்பாட்டுவேன்?"

"ஏட்டி, அழாத. நான் செஞ்சு காட்டுதேன், பாரு."

பிலோமினா போனின் கேமராவைத் தன் பக்கம் திருப்பி வைத்து, தெருவிலேயே காலை நீட்டி உட்கார்ந்தாள். வெறும் காலில் குழந்தையைக் கிடத்துவதுபோல் கிடத்தி, தலையைத் தாங்கி, தண்ணீர் ஊற்றிக் காட்டினாள். போனில் குழந்தை வீறிட்டது. அவள் கைகள் காற்றைத்தான் தடவிக்கொண்டிருந்தன.