ஸ்கிரிப்ட் இல்லாத நாற்பது பேர்

“அந்த இடத்துல விளம்பரம் போட்டா ஈ காக்கா கூடப் பாக்காதுக்கா. யோசிச்சுதான் கேக்குறீங்களா?” என்றான் திகோமிர்.

“ஓசியில தர்றேன்னு நீதானே சொன்ன?” என்றாள் நெவென்கா.

அந்தக் கடலோர நகரத்தின் செய்தித் தளத்தைத் திகோமிர் தனியாளாக நடத்தி வந்தான். செய்தி எழுதுவது, படம் எடுப்பது, விளம்பரம் பிடிப்பது எல்லாம் அவனேதான். நெவென்கா எதிரே தெரியும் தீவில் ஐந்து அறைகளை வாடகைக்கு விடுபவள். இரண்டு கோடைகளாக வெளியூர்க்காரர்கள் நீச்சல் குளம் உள்ள வீடுகளைத் தேடிப் போய்விட்டார்கள். அறைகள் காலி. தலைநகர் ஸாக்ரெப்பில் வசிக்கும் அவளுடைய தம்பி ஃபிரானே, இந்த ஆண்டும் இப்படியே போனால் வீட்டை விற்றுவிடலாம் என்று சொல்லி, வாங்க ஆளும் பார்த்துவிட்டான். தளத்தின் முகப்பில் காசு கொடுத்து விளம்பரம் போட அவளுக்கு வசதி இல்லை. மிச்சம் இருந்தது அந்த ஒரே ஒரு காலிப் பெட்டிதான்.

அது என்ன பெட்டி என்று திகோமிர் பொறுமையாக விளக்கினான். தளத்தில் வரும் விளம்பரங்கள் எல்லாம் ஸ்கிரிப்ட் என்ற குட்டி நிரலின் மூலம் வருபவை. சிலருடைய பிரௌசரில் அந்த ஸ்கிரிப்ட் அணைக்கப்பட்டிருக்கும். அவர்களுக்கு எழுத்தும் சாதாரணப் படங்களும் மட்டும்தான் தெரியும். விளம்பரம் வர வேண்டிய இடம் வெறுமையாக இருக்கும். அங்கே சாதாரணப் படமாகவே ஒரு விளம்பரத்தை வைத்தால் அவர்கள் கண்ணில் படும். ஆனால், அப்படிப்பட்டவர்கள் மொத்தமே நாற்பது பேர்.

“யாருப்பா அந்த நாப்பது பேரு?”

“தெரியலக்கா. ஞாயித்துக்கிழமை தவிர தினமும் வர்றாங்க. பத்து மணியிலேருந்து பன்னெண்டு வரைக்கும் ஒரு வரி விடாம படிக்கிறாங்க. கம்ப்யூட்டர்லயே ஊறிப்போன ஆளுங்களா இருக்கும். இவங்கல்லாம் வெளிய வர்றதே அபூர்வம். உங்க தீவுக்கா வரப்போறாங்க?”

“ஒரு வரி விடாம படிக்கிறவங்க என் பேரையும் படிப்பாங்கல்ல? போடு.”

திறந்த ஜன்னல், அதற்கு வெளியே கடல். அவளே எடுத்த படம். படத்தை அழுத்தினால் அவளுடைய பக்கம் திறக்கும், அது போதும் என்றான் திகோமிர். அழுத்தியும் திறக்காவிட்டால் என்ன செய்வது என்று கேட்டு, தபால் முகவரியைப் பெரிய எழுத்தில் போடச் சொன்னாள் நெவென்கா. போகும்போது உப்பிட்ட நெத்திலி ஒரு ஜாடி நிறைய மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

மூன்று வாரம் கழித்துத் திகோமிர் கணக்கெடுத்துப் பார்த்தான். படத்தைத் தினமும் நாற்பது பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர்கூட அதை அழுத்தி அவளுடைய பக்கத்துக்குப் போகவில்லை. நெத்திலியைப் பாதி தின்றுவிட்ட பிறகு இதை எப்படிச் சொல்வது என்று அவன் தவித்துக்கொண்டிருந்தபோது அவளே போன் செய்தாள். ஏழு கடிதங்கள் வந்திருக்கின்றனவாம்.

எல்லாம் கையால் எழுதியவை. ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினாள். ஒருவர், ஜன்னல் முழுசாகத் திறக்குமா என்று கேட்டிருந்தார். இன்னொருவருக்கு, ராத்திரி விளக்கைத் தானே அணைத்துக்கொள்ளலாமா என்று தெரிய வேண்டும். அம்மாவையும் கூட்டி வரலாமா என்று ஒருவர். தான் சமையல்காரர் என்றும், ஒரு நாள் அவளுக்கே மீன் சமைத்துப் போட அனுமதி வேண்டும் என்றும் மற்றொருவர்.

“இவ்வளவு மரியாதையான ஆளுங்கள நான் பாத்ததே இல்ல திகோ,” என்றாள்.

போன்கூடச் செய்யாமல் கடிதம் எழுதுகிறார்கள் என்றால், தான் சொன்ன மாதிரி ஆட்கள்தான் என்று திகோமிருக்கு உறுதியாயிற்று. வேலையில் மூழ்கி வெளியுலகமே மறந்துபோனவர்கள் என்று அவர்களுக்காகக் கொஞ்சம் இரக்கப்படவும் செய்தான்.

ஏப்ரலில் கடிதங்கள் பதினான்கு ஆயின. பத்திரத்தில் கையெழுத்து வாங்க வந்த ஃபிரானே, சமையலறையில் உட்கார்ந்து பதினான்கையும் படித்தானாம். எழுந்து வெளியே போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றானாம். திரும்பி வந்து, இத்தனை பேர் நம்பிக் காத்திருக்கும்போது வீட்டை எப்படி விற்பது என்று சொல்லி, வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டானாம். இப்போது ஜன்னல்களுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறான் என்று நெவென்கா போனில் சொன்னபோது, திகோமிருக்குத் தானே வீடு கட்டிக் கொடுத்த மாதிரி இருந்தது.

விஷயம் பரவி, இரண்டு ஹோட்டல்காரர்கள் அந்தக் காலிப் பெட்டியைக் கேட்டு வந்தார்கள். கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த அபூர்வ மனிதர்களை ஒரு முறையாவது பார்த்துவிட வேண்டும் என்று படகேறினான்.

ஐந்து அறைகளும் திறந்து கிடந்தன. கட்டில்களில் புது விரிப்புகள். ஆள் அரவமே இல்லை. நெவென்கா வாசற்படியில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

“எங்கக்கா உங்க விருந்தாளிங்க?” என்று கேட்டுக்கொண்டே மறுபடியும் ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்தான்.

“வருவாங்கப்பா. என்ன அவசரம்?” பக்கத்தில் இருந்த நோட்டை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு புரட்டினாள். “இவரு அடுத்த வருஷம் வர்றாரு. இவரு அம்மாவோட ரெண்டாயிரத்து முப்பத்தொண்ணுல. ஜெயில் லைப்ரரி கம்ப்யூட்டர்ல உன் செய்தி மட்டும்தான் தெரியுமாம், மத்த எல்லாத்தையும் அணைச்சு வச்சிருக்காங்களாம். அந்தச் சமையல்காரர் மட்டும், நன்னடத்தையைப் பாத்து விட்டுட்டாங்கன்னா இந்த செப்டம்பர்லயே வந்துருவேன்னு எழுதியிருக்காரு.”