இருபது நிமிஷம்

“நாற்காலியைக் கெட்டியாப் பிடிட்டி. உங்கப்பா முழிச்சாருன்னா நம்ம கதை முடிஞ்சுது.”

சொந்த வீட்டிலேயே, அதுவும் பட்டப்பகலில், திருட வந்தவளைப் போல நாற்காலி மேல் ஏறி நின்றாள் தங்கத்தாய். கீழே பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக மகள் அபிதா. உள்ளறையில் ராமசுப்புவின் குறட்டை சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது.

தங்கத்தாய் சுவர்க் கடிகாரத்தை இறக்கி, பின்னாலிருந்த திருகைத் திருப்பி, இருபது நிமிஷம் குறைத்து வைத்தாள். மூக்குக் கண்ணாடியைத் தேடப் பொறுமை இல்லாததால், அது இருபதுதான் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள்.

“எம்மா, அப்பா கையில கட்டுத வாட்சு?”

“மேசை மேல கெடக்கு பாரு. அதையும் இருபது நிமிஷம் பின்னால திருப்பு. போனை நான் அரிசி டப்பாக்குள்ள போட்டுட்டேன்.”

விஷயம் இதுதான். திருவேங்கடத்திலிருந்து அபிதாவைப் பெண் பார்க்க வருகிறார்கள். அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நாலரைக்கு ராகு காலம். அதற்குள் வீட்டுக்குள் கால் வைத்துவிட வேண்டும். குருவிகுளம் தாண்டியதும் கார் டயர் வெடித்துவிட்டது, வந்து சேர நாலே முக்கால் ஆகும் என்று மாப்பிள்ளை மாரிக்கண்ணன் அபிதாவுக்கு ரகசியமாகச் செய்தி அனுப்பியிருந்தான்.

வேறு வீடாக இருந்தால் கால் மணி நேரமெல்லாம் ஒரு பேச்சா? இது ராமசுப்பு வீடு. இருபத்தேழு கைக்கடிகாரங்களைச் சேர்த்து வைத்து, அவற்றுக்குப் பணிவிடை செய்வதையே பிழைப்பாக வைத்திருக்கும் மனிதர். போன மாதம் ராயகிரிக்காரர்கள் நாலு முப்பத்திரண்டுக்கு வாசலில் வந்து நின்றதற்கு, காப்பியை மட்டும் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அதில் அபிதாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. மாரிக்கண்ணன் விஷயம் அப்படியில்லை. இரண்டு வருஷமாக இருவரும் ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். அது அம்மாவுக்குத் தெரியும். அப்பாவிடம் தரகர் கொண்டுவந்த வரன் என்று சொல்லியிருந்தார்கள். இவனையும் அவர் திருப்பி அனுப்பிவிட்டால் அபிதா நொறுங்கிப் போவாள்.

“எம்மா, ராகு காலத்துல வந்தா ஒண்ணும் ஆயிராதுல்லா?”

“ராகு ஒண்ணும் பண்ண மாட்டாரு. உங்கப்பாவை நெனைச்சாத்தான் பயமா இருக்கு.”

குறட்டை நின்றது. நாற்காலி பழைய இடத்துக்குப் போனது.

முகம் கழுவிக்கொண்டு வந்த ராமசுப்பு, மேசையிலிருந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். சுவரைப் பார்த்தார். மணிக்கட்டைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். தங்கத்தாய் மனசுக்குள் கோமதியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவர் கைக்கடிகாரத்தின் முள்ளை லேசாகத் திருகிவிட்டுக்கொண்டார்.

பிறகு வழக்கம்போல் பெட்டியைத் திறந்து உட்கார்ந்தார். வாரம் முழுக்க ஓடாமல் கிடக்கும் கடிகாரங்களுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விடிவு. ஒவ்வொன்றாகத் துடைத்து, சாவி கொடுத்து, காதில் வைத்துக் கேட்டு, நேரம் வைப்பார். கடையநல்லூர் அப்துல் ஜப்பார் துபாயிலிருந்து கொண்டுவந்து கொடுத்ததற்கு மட்டும் இரண்டு தடவை துடைப்பு. பெற்ற மகளுக்குக்கூட அவர் இப்படித் துடைத்துவிட்டதில்லை என்பது தங்கத்தாயின் நெடுநாள் குறை. இருபத்தேழுக்கும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தே நேரம் வைத்தார். அம்மாவும் மகளும் மூச்சு விட்டார்கள்.

வாசலில் கார் வந்து நின்றது. மாப்பிள்ளையின் அப்பா சங்கரசுப்பு வேர்க்க விறுவிறுக்க இறங்கி வந்தார்.

“மன்னிக்கணும் அண்ணாச்சி. வழியில டயரு...”

“எதுக்கு மன்னிப்பு? மணி நாலு இருபத்திமூணுதான் ஆவுது. ராகு காலத்துக்கு இன்னும் ஏழு நிமிஷம் கெடக்கு. உள்ள வாங்க!”

சங்கரசுப்பு தன் கையைப் பார்த்துத் திருதிருவென்று முழித்தார். “என் வாட்சுல நாலே முக்கால்லா காட்டுது?”

கதவுக்குப் பின்னால் அபிதா காப்பித் தட்டைத் தரையில் வைத்துவிட்டுக் காதைத் தீட்டினாள். மாரிக்கண்ணன் தலை நிமிராமல் செருப்பைக் கழற்றிக்கொண்டே இருந்தான்.

“கழத்துங்க, பாப்போம்.”

ராமசுப்பு அதை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். உதட்டோரம் சிரிப்பு வந்தது.

“நல்ல வாட்சு. கொஞ்சம் முந்தி ஓடுது, அவ்வளவுதான்.” முள்ளைப் பின்னால் திருப்பி, இன்னும் சம்பந்தி ஆகாத சம்பந்தியின் கையில் தானே கட்டிவிட்டார்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கேசரி சாப்பிட்டார்கள், பெண் பார்த்தார்கள். ராகு காலம் முடியும்வரை சங்கரசுப்பு இருபத்தேழு கடிகாரங்களின் வரலாற்றையும் கேட்டே ஆக வேண்டியிருந்தது. ஆறு மணிக்கு மேல், ஆவணியில் நிச்சயம் என்று பேசி முடித்தார்கள்.

“நேரத்துக்கு வந்த குடும்பம். நம்பிப் பொண்ணு குடுக்கலாம்,” என்று கார் கிளம்பியதும் ராமசுப்பு மெச்சிக்கொண்டார். சிரிப்பை அடக்க அம்மாவும் மகளும் படாத பாடு பட்டார்கள்.

அவர் முதுகைக் காட்டி உட்கார்ந்து, என்ன நினைத்தாரோ, மறுபடியும் பெட்டியைத் திறந்தார். தங்கத்தாய் ஓசைப்படாமல் நாற்காலியில் ஏறினாள். கடிகாரத்தை இறக்கி, முள்ளை எண்ணி எண்ணி இருபது நிமிஷம் முன்னால் தள்ளி, ஆணியில் மாட்டப் போனாள்.

துபாய்க் கடிகாரத்தின் முள்ளைத் திருகியபடி, தலையைத் திருப்பாமலே ராமசுப்பு சொன்னார்:

“இருபது பத்தாது தங்கம். நீ திருப்புனது இருபத்திரெண்டு.”